செர்ரி கண்: சுரப்பியை வெட்டுவதா, உள்ளே பொதிந்து தைப்பதா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாய் வளர்க்கும் நம் குடும்பங்களில், புல்டாக் அல்லது பீகிள் குட்டியின் கண்ணோரத்தில் திடீரெனச் சிவந்த உருண்டை பிதுங்கினால், கட்டியென்று அஞ்சி வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. செர்ரி கண் எனப்படும் அது கட்டியன்று, நாயின் கண்ணின் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமையின் கண்ணீர்ச் சுரப்பி, தன்னைப் பிடித்திருக்கும் இணைப்புத்திசு தளர்ந்ததால் வெளியே சரிந்திருக்கிறது.

வெட்டுவது எளிது, விரைவில் முடிந்துவிடும். ஆனால் கண்ணீரில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு வரை தரும் சுரப்பியே போய்விடுவதால், சில ஆண்டுகள் கழித்துக்கூடக் கண் வறண்டு, கருவிழி புண்பட்டு, அந்த வாயில்லா உயிருக்கு ஆயுள் முழுவதும் சொட்டு மருந்து விட நேரலாம்.

மூன்றாம் இமையின் உட்புறத்தில் பை போன்ற மடிப்பை உண்டாக்கி, சுரப்பியை அதற்குள் பொதிந்து தைக்கும் முறைக்கு நேரமும் செலவும் கூடும். சில நாய்களுக்கு மறுபடியும் பிதுங்கலாம். அப்போதும் மீண்டும் தைக்கவே நான் சொல்வேன், ஏனெனில் வெட்டிய சுரப்பி திரும்ப வளராது.