ஃப்ளாட்வுண்ட் கம்பி வாங்கப் போகிறீர்களா? பாக்கெட்டை நீங்களே பிரியுங்கள்

பேஸ் கிட்டாருக்கு ஃப்ளாட்வுண்ட் கம்பி வாங்க நினைப்பவர்கள், அதுவும் கடையிலேயே மாட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். யாரோ கழற்றிப் போட்ட பழைய கம்பியைப் புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தக் கம்பியில் நான் எந்தக் குறை சொன்னாலும் கடைக்காரரிடம் ஒரே பதில்தான்: "ஃப்ளாட்னா அப்படித்தான் சார் இருக்கும்."

இந்தப் பதில் எடுபடுவதற்குக் காரணம் உண்டு. ரவுண்ட்வுண்ட் கம்பியில் நடு எஃகுக் கம்பியின் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். புதுசில் பளீரென்று ஒலிக்கும், வாசிக்க வாசிக்க மங்கும். பழசா புதுசா என்று காதுக்கே தெரிந்துவிடும். ஃப்ளாட்வுண்டில் மேலே சுற்றுவது தட்டையான உலோக நாடா. வழவழவென்று இருக்கும், விரலை நகர்த்தினால் கீச்சென்ற சத்தம் வராது, மெத்தென்று ஒலித்துச் சீக்கிரம் அடங்கிவிடும். 1951-இல் ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் கிட்டார் வந்த காலத்தில் எல்லோரும் வாசித்தது இந்த மாதிரிக் கம்பியில்தான். ரவுண்ட்வுண்ட் பரவியது 1960-களில். அமெரிக்காவின் மோடவுன் இசைக் கம்பெனிப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பது பேஸ் வாசிக்கிற எல்லோரும் கேட்ட கதை. ஆக, மங்கலாக ஒலிப்பது இதன் குணம். பழசாகப் பழசாக நன்றாக இருக்கும் என்பது இதன் பெருமை. பழைய செட்டைத் தள்ளிவிட நினைப்பவருக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

நான் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜா பாடல்கள். அந்தப் பதிவுகளில் என்ன கம்பி போட்டிருந்தார்கள் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. என் ஜாஸ் பேஸ் மாடல் கிட்டாரில் ரவுண்ட்வுண்ட் போட்டு வாசித்தால் கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது, அதற்காகத்தான் மாற்ற நினைத்தேன்.

எந்தத் தடிமன் எடுப்பது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். ஜேமர்சன் பாணி வேண்டும் என்பவர்கள் லா பெல்லா கம்பெனியின் 52-110 செட்டைத் தேடுவார்கள் (இந்த எண்கள் மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிவரை தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அது தடித்த செட்; இழுவிசை அதிகம், கிட்டாரின் கழுத்தான நெக் வளையும், அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருக வேண்டிவரும், பல பேஸ்களில் நெக்கின் உச்சியில் கம்பிகள் உட்காரும் நட் என்ற துண்டின் பள்ளத்தையும் அராவ வேண்டிவரும். அதற்கு நேர் எதிர் வியன்னாவின் தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃப்ளாட்ஸ், 43-56-70-100. நிக்கல் சுற்று, தளதளவென்று மென்மை, விலை மட்டும் மென்மை இல்லை. இரண்டுக்கும் நடுவில் டடாரியோ குரோம்ஸ் 45-100 மாதிரி செட்கள். ஃப்ளாட்வுண்டில் கொஞ்சம் துலக்கமாக ஒலிப்பவை, ரவுண்ட்வுண்டிலிருந்து மாறுகிறவருக்குத் தோது. எனக்கு 45-100 போதும் என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போன் போட்டேன்.

"இருக்கு சார், இம்போர்ட்டட், பேஸைக் கொண்டு வாங்க, ஃபிட்டிங் ஃப்ரீ" என்றார்கள். 4,200 ரூபாய். மதியம் பேஸைக் கொடுத்தேன், சாயங்காலம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். போனபோது கம்பி மாட்டித் தயாராக இருந்தது. பாக்கெட் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டாச்சு என்றார் கடைப் பையன். பில் கேட்டேன், எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச்சீட்டில் "பேஸ் ஸ்ட்ரிங் 1 செட்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றதற்கு சிஸ்டம் டவுன், அப்புறம் அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

வீட்டில் ஆம்ப்பில் போட்டதும் இருப்பதிலேயே தடித்த ஈ (E) கம்பி சரியில்லை என்று தெரிந்துவிட்டது. ஒலி மங்கல் என்பது வேறு, செத்த ஒலி என்பது வேறு. தட்டினால் சுரமே நிற்காமல் தொப்பென்று விழுந்தது. ட்யூனரை வைத்துப் பார்த்தால், 12-ஆவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒட்டவே இல்லை. கிட்டாரின் அடிமுனையில் இருக்கும் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலைக் கடைசிவரை பின்னால் தள்ளியும் சுரம் ஏறியே நின்றது. கடைக்குப் போன் போட்டால் நான் மேலே சொன்ன அந்தப் பதில். "செட்டாக டைம் எடுக்கும் சார், ஜேமர்சன் மாத்தவே மாட்டாராமே" என்று எனக்கே கதை சொன்னார்.

எங்கள் குழுவுக்கு வாத்தியங்கள் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கம்பியைக் கழற்றி மேஜையில் நீட்டி வைத்துவிட்டு, "தம்பி, இது இன்னொருத்தன் பேஸ்ல வாசிச்ச கம்பிடா" என்றார். எப்படி என்றேன். ஒவ்வொன்றாகக் காட்டினார்.

சாடிலில் கம்பி வளையும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். ஈ, அதற்கு அடுத்த ஏ (A) கம்பிகள் இரண்டிலும் என் சாடில் போட்ட மடிப்புக்குக் கிட்டத்தட்ட அரை அங்குலம் தள்ளி இன்னொரு பழைய மடிப்பு இருந்தது. வேறொரு பிரிட்ஜில் விழுந்தது அது. கம்பியைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தால், ஃப்ரெட் இடைவெளியில் வரிசையாகச் சின்னச் சின்னப் பளபளத் தேய்மானம். நான் வாசித்த கொஞ்ச நேரத்தில் அது வராது. முனையில் சுற்றியிருக்கும் பட்டுநூல் நைந்துபோயிருந்தது. கம்பியைச் சுற்றி முறுக்கும் பெக்கில் கம்பி ஒன்றரைச் சுற்றுகூட வரவில்லை. புதுக் கம்பி என்றால் தேவைக்கு மேல் நீளமாக வரும், நமக்கு வேண்டிய அளவுக்கு நாம்தான் வெட்டுவோம். இது ஏற்கெனவே வெட்டப்பட்டது.

இன்னொன்றும் இருந்தது. மூன்று கம்பிகளில் பிரிட்ஜில் மாட்டும் குண்டு முனைப் பக்கமும் பட்டுநூல் இருந்தது. ஈ கம்பியில் இல்லை. பிரிட்ஜுக்குள் மறைந்திருந்ததால் மாட்டியிருக்கும்போது தெரியவில்லை. தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்ததில் ஈ கம்பி 2.67 மில்லிமீட்டர். 100 என்றால் 2.54 இருக்க வேண்டும்; இது 105. அதாவது ஒரு பழைய செட் கூட இல்லை, இரண்டு செட்டைக் கலந்து மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தடிக் கம்பி உட்காரவில்லை என்று என் நட்டின் பள்ளத்தைக் கேட்காமல் அராவியும் விட்டிருக்கிறார்கள். இப்போது 100 போட்டால் பள்ளத்தில் ஆடிக் கடகடக்கிறது. கம்பிக் காசைவிட எனக்கு எரிச்சல் இதில்தான்.

சுரம் ஏன் ஒட்டவில்லை என்பதற்கும் விளக்கம் சொன்னார். ஃப்ளாட்வுண்ட் கம்பியைப் பெக்கில் மாட்டும்போது முதலில் செங்குத்தாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். நேராக இருக்கும்போதே வெட்டினால் மேல்நாடா நடுக்கம்பியிலிருந்து நழுவிவிடும். அப்புறம் அதிர்வு சீராக இருக்காது. என் ஈ கம்பியின் வெட்டு முனையில் நாடா பிரிந்து சுருண்டிருந்தது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி போட்டோவைப் பார்க்கவே இல்லை. ஸ்ட்ரிங்ஸுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பிறகு, போனால் போகிறது என்று 500 ரூபாய்க்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாங்கவில்லை.

அந்தச் சுவர்த் தாளுக்குப் பெரிய மதிப்பு இல்லை. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிகமுறை எவை என்று சொல்லும் பகுதியில், பழைய பொருளைப் புதியது என்று விற்பது, பில் தராமல் இருப்பது, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது மூன்றுமே வருகின்றன. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் திரும்ப எடுக்க 30 நாள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், போட்டோக்கள், கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். புகார் நடப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பாக்கெட்டை உங்கள் கண் முன்னால், முடிந்தால் உங்கள் கையாலேயே பிரியுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்க வேண்டும், அது சட்டம். நகத்தால் கம்பி நெடுக இழுத்துப் பாருங்கள். லேசாகக் கரகரத்தால் அது ரவுண்ட்வுண்டை மேலே தேய்த்துத் தட்டையாக்கிய ஹாஃப் ரவுண்ட், ஃப்ளாட்வுண்ட் அல்ல. அதுவும் நல்ல கம்பிதான், ஆனால் நீங்கள் காசு கொடுப்பது வேறொன்றுக்கு. நீளத்தையும் விட்டுவிடாதீர்கள். 34 அங்குல பேஸுக்கு மீடியம் ஸ்கேல் செட்டைக் கொடுத்தால் பட்டுநூல் நட்டுக்கு உள்ளேயே வந்துவிடும். கம்பியைக் கிட்டாரின் உடலுக்குள் நுழைத்து மாட்டும் பேஸாக இருந்தால் செட்டின் தயாரிப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று பாருங்கள். விறைப்பான ஃப்ளாட்வுண்ட் அந்தக் கூர்வளைவில் உடையும். மாட்டும் வேலையை வேறொருவரிடம் விட்டால் பக்கத்தில் நில்லுங்கள், நட்டில் அரம் வைப்பதற்கு முன் கேட்கச் சொல்லுங்கள்.

புது நட் செய்து தர அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பழைய கம்பிகளைச் சுருட்டிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், விசாரணையில் கேட்டால் காட்ட வேண்டும். அதுவரை பேஸில் ரவுண்ட்வுண்ட்தான்.