கோமோ ஏரியிலிருந்து சிங்க்வே தெர்ரே வரை: கார்ப் படகு, வாடகைக் கார், ரயில் அட்டை – ஒரு மதிப்பீடு

வடக்கு இத்தாலியில் ஏரிக்கரையையும் கடற்கரையையும் ஒரே பயணத்தில் காரில் சுற்றுபவர்கள் மூன்று சேவைகளுக்குக் காசு கொடுக்கிறார்கள்: மிலானில் எடுக்கும் வாடகைக் கார், கோமோ ஏரியைக் கடக்கும் கார்ப் படகு, லிகூரியா கடற்கரையின் ஐந்து கிராமங்களான சிங்க்வே தெர்ரேயில் ரயில் அட்டை. மூன்றிலும் முதலிடம் படகுக்குத்தான். ரயில் அட்டையைக் கணக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு கரைகளுக்கும் நடுவே உள்ள சுமார் 300 கிலோமீட்டருக்குக் கார் அருமையான துணை. தண்ணீர் கண்ணில் பட்ட பிறகு அதுவே பாரமாகிவிடும்.

முதலில் படகு. காலை அகட்டி நிற்கும் ஆளைப் போன்றது கோமோ ஏரியின் வடிவம். இரண்டு கால்களும் சேரும் இடத்தில் பெல்லாஜோ. எதிரே கிழக்குக் கரையில் வரென்னா, மேற்குக் கரையில் மெனாஜோ, கதெனாபியா. இந்த நான்கு துறைகளுக்கும் இடையே கார்ப் படகை ஓட்டுவது நவிகாசியோனே லாகி என்ற அரசு நிறுவனம். மெனாஜோவிலிருந்து வரென்னாவுக்குச் சாலையில் போனால் ஏரியின் வடமுனையைச் சுற்றிக் கோலிகோ வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். படகில் கால் மணி நேரம்.

நேரம் மிச்சமாவது மட்டும் காரணம் இல்லை. மேற்குக் கரையின் எஸ்எஸ் 340 என்ற அரசுச் சாலை, அதாவது பழைய ரெஜினா சாலை, கொலோன்னோ போன்ற ஊர்களுக்குள் வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிவிடுகிறது. எதிரில் பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்கு எடுத்துத்தான் ஆக வேண்டும். இந்த நெரிசலைத் தீர்க்கத்தான் திரெமெஸ்ஸினா பகுதியில் சுரங்கங்களோடு ஒரு மாற்றுச்சாலை கட்டுகிறார்கள். கோமோ நகரிலிருந்து பெல்லாஜோவுக்குப் போகும் எஸ்எஸ் 583 வெறும் 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும், ஓட்டுபவர் ஏரியைப் பார்க்கவே முடியாது. அந்த அழகான கரையை ஓட்டுபவரும் நிம்மதியாகப் பார்க்கக்கூடிய இடம் படகின் மேல்தளம் ஒன்றுதான்.

ஏறும் முறை எளிது, ஆனால் வரிசை மாறக் கூடாது. துறைக்கு வந்ததும் காரை வரிசையில் விட்டுவிட்டுச் சீட்டுக்கு அலையாதீர்கள். முதலில் சீட்டு, பிறகு வரிசை. காரின் நீளத்தை வைத்துக் கட்டணம் போடுகிறார்கள். உடன் வருபவர்களுக்குத் தனிச் சீட்டு. முந்தி வந்தவருக்கே முந்தி இடம், ஆகவே கோடைகாலச் சனி, ஞாயிறுகளில் நடுப்பகல் வேளையைத் தவிர்த்துக் காலை 9 மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. ஏறியதும் எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு மேலே போகலாம். சில ஓட்டங்கள் பெல்லாஜோவைத் தொட்டுவிட்டுத்தான் மறுகரைக்குப் போகும். இறங்க வேண்டிய துறை எது என்பதை ஏறும்போதே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கேற்பத்தான் கார்களை நிறுத்துவார்கள்.

கால அட்டவணையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘ஃபெரியாலே’ என்றால் வேலைநாள், ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் பண்டிகை நாளும். சனிக்கிழமை ஃபெரியாலேயில் சேரும். வார இறுதி என்று நினைத்துச் சனிக்கிழமை மாலையில் ஃபெஸ்தீவோ பத்தியைப் பார்ப்பவர்கள் கடைசிப் படகைத் தவறவிடுகிறார்கள். இன்னொன்று: பெல்லாஜோவில் கார்ப் படகின் துறை வேறு, பயணிகள் படகின் துறை வேறு. சில நிமிட நடைதான் என்றாலும் புறப்படும் நேரத்தில் அந்தச் சில நிமிடம் பெரிது.

கார் இல்லாமல் நடு ஏரியில் நாள் முழுக்க ஊர் ஊராக இறங்கி ஏற நாள் சீட்டு இருக்கிறது. விரைவுப் படகுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, அதில் திறந்த தளமும் இல்லை; அவசரம் இல்லையென்றால் மெதுவான படகே மேல். சிறு மோட்டார்ப் படகை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டவும் முடியும். 40 குதிரைத்திறன் வரை இத்தாலியில் உரிமம் கேட்பதில்லை. அதைக் காலையில் எடுங்கள். காலையில் வடக்கிலிருந்து வரும் திவானோ மெல்லிய காற்று. நண்பகலுக்குப் பின் தெற்கிலிருந்து எழும் ப்ரேவா அலையைக் கிளப்பும், பழக்கமில்லாதவருக்குக் கரை சேர்ப்பது கடினம்.

வரென்னாவில் தங்குபவருக்கு ஏரியில் இருக்கும்வரை காரே தேவையில்லை. மிலான் மத்திய நிலையத்திலிருந்து தீரானோ போகும் ரயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இங்கே இறக்கிவிடும். நிலையத்திலிருந்து படகுத்துறைக்குப் பத்து நிமிட இறக்கம். ஏரியை முடித்துவிட்டு மிலானுக்குத் திரும்பி அங்கே காரை எடுத்தால் இரண்டு மூன்று நாள் வாடகையும் நிறுத்தக் கட்டணமும் மிஞ்சும்.

இனி கார். சின்னதாக எடுங்கள் என்பதுதான் முதல் அறிவுரை. ஃபியாட் பாண்டா 3.65 மீட்டர் நீளம், 1.64 மீட்டர் அகலம். ரெஜினா சாலையிலும் மலைக் கிராம நிறுத்தங்களிலும் இந்த அகலம்தான் காப்பாற்றும், படகுக் கட்டணமும் குறையும். இத்தாலியில் கையால் கியர் மாற்றும் வண்டியே வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவைக்க வேண்டும், வாடகையும் கூடும். இந்திய உரிமம் வைத்திருப்பவர் ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, மூல உரிமத்தோடு சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். முன்பணத்தை ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பெரும்பாலும் நிறுத்திவைப்பார்கள். டெபிட் கார்டை மட்டும் நம்பிப் போனால் சாவி கைக்கு வராமல் போகலாம். காப்பீட்டுத் தாளில் ‘ஃப்ராங்கீஜியா’ என்ற சொல்லைத் தேடுங்கள். சேதத்தில் நம் தலையில் விழும் தொகை அதுதான். கண்ணாடி, டயர், அடிப்பாகம் பெரும்பாலும் காப்பீட்டுக்குள் வராது. ஒடுங்கிய கல் சுவர் சாலைகளில் உரசுவதோ இவைதான். சாவி வாங்கியதும் நான்கு சக்கர வளையங்களையும் கூரையையும் சேர்த்து வீடியோ எடுத்துவிடுங்கள்.

வாடகையைவிட அதிகம் வலிக்கக்கூடியது ஸோனா த்ராஃபிகோ லிமிதாதோ. பழைய நகர்ப்பகுதிகளுக்குள் வெளியார் வண்டி நுழையத் தடை. சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை வட்டம் போட்ட பலகை, பக்கத்தில் கேமரா. மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது என்று பொருள். நடுவில் ‘நோன்’ இருந்தால்தான் போகலாம். அத்தீவோ என்பதை ‘திறந்திருக்கிறது’ என்று படித்து உள்ளே போகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். வழி தவறி நுழைந்தாலும் அபராதம்தான். வாடகை நிறுவனம் ஓட்டுநர் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கே ஒரு தொகையைக் கார்டில் பிடிக்கும். அபராதம் அதில் சேராது, அது வெளிநாட்டு முகவரிக்குப் பல மாதம் கழித்தும் வரும். வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. விடுதி இந்தப் பகுதிக்குள் இருந்தால், வந்து சேரும் முன்பே வண்டி எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நிறுத்துமிடத்தில் கோட்டின் நிறம் பேசும்: நீலம் கட்டணம், வெள்ளை இலவசம், மஞ்சள் ஒதுக்கப்பட்டது. வெள்ளைக் கோட்டிலும் நேர வரம்பு இருக்கலாம். அப்போது வந்த நேரத்தைக் காட்டும் அட்டைச் சக்கரத்தை முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். காரில் அது இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள்.

மிலானின் மல்பென்ஸா விமான நிலையத்திலிருந்து நேராகக் கோமோவுக்கு ஓட்டுபவரை வழிகாட்டிச் செயலி ஏ36 பெதெமொந்தானா நெடுஞ்சாலைக்குத் திருப்பிவிடும். அங்கே சுங்கச்சாவடியே கிடையாது, கேமரா எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளும். இலவசச் சாலை என்று நினைத்துவிட வேண்டாம். 15 நாளுக்குள் இணையத்தில் நாமாகப் போய்க் கட்ட வேண்டும். மற்ற நெடுஞ்சாலைகளில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்டுவது வழக்கம். மின்னணுச் சுங்கக் கருவி வைத்திருப்பவர்களுக்கான மஞ்சள் நிற டெலிபாஸ் தடத்தில் போகாதீர்கள். தவறி நுழைந்தால் பின்னுக்கு எடுக்கவே கூடாது; உதவிப் பொத்தானை அழுத்தி, கொடுக்கும் தாளை வாங்கிக்கொண்டு பிறகு கட்டலாம்.

வரென்னாவிலிருந்து, சிங்க்வே தெர்ரேக்குப் பக்கத்து நகரான லா ஸ்பெட்சியாவுக்கு எஸ்எஸ் 36 வழியே மிலான் பக்கம் இறங்கி, ஏ1-இல் பார்மா வரை போய், ஏ15-இல் அப்பென்னைன் மலையைக் கடக்க வேண்டும். கார் தன் வாடகைக்கு உழைக்கும் நாள் இது. வேக வரம்பு நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் ‘செல்ஃப்’ விலையும் ‘செர்வீதோ’ விலையும் வேறு. நாமே நிரப்பினால் குறைவு. ஆளில்லாத இயந்திரம் கார்டில் 100 யூரோ அளவுக்கு நிறுத்திவைத்துப் பிறகு விடுவிக்கும், பதற வேண்டாம்.

மொந்தெரோஸ்ஸோ, வெர்னாஸ்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே ஆகிய ஐந்தும்தான் சிங்க்வே தெர்ரே. 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. காரை லெவாந்தோவிலோ லா ஸ்பெட்சியாவிலோ விட்டுவிட்டு வாருங்கள். கிராமங்களுக்கு மேலே சாலை இருக்கிறது என்றாலும், செங்குத்தாக இறங்கி, சில பத்து வண்டிகளே நிற்கும் இடத்தில் முடியும். தங்குவதற்கு லெவாந்தோவே எங்கள் தேர்வு: ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தம், சமதளமான ஊர், பழைய ரயில் சுரங்கங்கள் வழியே போனஸ்ஸோலா, ஃப்ராமூரா வரை போகும் சைக்கிள் பாதை.

சிங்க்வே தெர்ரேயின் ‘த்ரேனோ’ (ரயில்) அட்டை லெவாந்தோ–லா ஸ்பெட்சியா இடையே இரண்டாம் வகுப்பில் எத்தனை முறையும் ஏற, கட்டண நடைபாதைகளில் நடக்க, கிராமச் சிற்றுந்தில் போக உதவும். ‘ட்ரெக்கிங்’ அட்டையில் ரயில் இல்லை. விலை தேதிக்குத் தேதி மாறும். கணக்கு இதுதான்: ஒரு நாளில் நான்கு முறை ரயில் ஏறினால் அட்டை லாபம், போய்வர இரண்டு முறை மட்டும் என்றால் தனிச் சீட்டு போதும். நடைபாதையும் சேர்ந்தால் மூன்று முறைக்கே அட்டை தேறிவிடும். கிராமங்களுக்கு இடையே ஓடும் படகு இதில் சேராது. காகித அட்டை என்றால் பெயர் எழுதி, முதல் முறை ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம்.

மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஓடும் சிங்க்வே தெர்ரே எக்ஸ்பிரஸ் அடிக்கடி வரும். கிராமத்துக்குக் கிராமம் சில நிமிடம்தான், பாதிக்கு மேல் சுரங்கம். குறை கூட்டம்தான். நடைமேடையின் நடுவில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்க, சுரங்கத்துக்குள் நீளும் ஓரப் பகுதியில் வந்து நிற்கும் பெட்டிகள் காலியாக இருக்கும். வேலைநிறுத்த நாளில், வேலைநாள் என்றால், காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உறுதிசெய்யப்பட்ட ரயில்கள் ஓடும்; இடைப்பட்ட நேரத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கொர்னீலியா மட்டும் கடலுக்கு 100 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. படகு அங்கே போகாது. நிலையத்திலிருந்து லார்தரீனா படிக்கட்டில் 380-க்கும் மேற்பட்ட படிகள். அட்டைக்குள் அடங்கும் சிற்றுந்தை இங்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள். ரியோமஜோரே–மனரோலா இடையிலான வியா தெல்லாமோரே பாதை 2012-இல் பாறை சரிந்து மூடப்பட்டு 2024-இல்தான் திறந்தது. அதற்கு நேரம் குறித்து முன்பதிவு வேண்டும், அட்டைக்கு மேல் தனிக் கட்டணம், நுழைவு ரியோமஜோரே பக்கத்திலிருந்து. மொந்தெரோஸ்ஸோ–வெர்னாஸ்ஸா நடை சுமார் இரண்டு மணி நேரம். கூட்டம் மிகுந்த விடுமுறை நாட்களில் மொந்தெரோஸ்ஸோவிலிருந்து ஒருவழியாக மட்டும் விடுகிறார்கள். ரப்பர் செருப்போடு நடந்தால் அபராதம் உண்டு.

சாப்பாட்டில் இரண்டு கரைகளும் இரண்டு உலகம். ஏரியில் மிஸ்ஸோல்தீனி: அகோனே மீனை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, பிரியாணி இலை போன்ற நறுமண இலைகளோடு தகரத்தில் அடுக்கி அழுத்திய கருவாடு, சுட்டு, மக்காச்சோளக் களியான பொலெந்தாவோடு தருவார்கள். கருவாட்டு வாசனைக்குப் பழகிய நாக்கு இதைக் கொண்டாடும். கடற்கரையில் மொந்தெரோஸ்ஸோவின் நெத்திலி. சைவர்களுக்குக் கடலைமாவில் சுட்ட ஃபரினாதா கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது. துளசி வகை இலையில் அரைக்கும் பெஸ்தோ சட்னியில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் ஆனது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

மாதம் என்று கேட்டால் மே நடுப்பகுதி அல்லது செப்டம்பர் பின்பகுதி. அக்டோபரில் கூட்டம் குறையும், மழைதான் பயம். 2011 அக்டோபர் 25 வெள்ளத்தில் வெர்னாஸ்ஸாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. அதனால் இன்று வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு அல்லது சிவப்பானால் நடைபாதைகளை மூடிவிடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் போகிறவர்கள் மூன்று நாள் அட்டையை ஊரிலிருந்தே வாங்கிவைக்காமல், முந்தைய நாள் மாலை லிகூரியா மாநில எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு நாளாக வாங்குங்கள்.