ஒரு ஸ்டேஷன் தூரத்தில் மாறிப்போன சர்ச்சில்

1940 மே மாதம் பிரிட்டனின் பிரதமரான சர்ச்சிலின் முதல் சில வாரங்களைச் சொல்லும் 'டார்க்கஸ்ட் ஹவர்' படத்தை இந்த வாரம் மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். முதல் தடவை சர்ச்சிலாக நடித்த கேரி ஓல்ட்மேனுக்காகப் பார்த்தது. இரண்டாவது தடவை வீட்டில் யாரோ போட்டார்கள், நானும் கூட உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை 1940 மே மாதத்தில் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில், இரண்டு மணி நேரப் படம் நாலு மணி நேரம் இழுத்துவிட்டது. படமாக நன்றாகவே இருக்கிறது, 5க்கு 4 கொடுப்பேன். சர்ச்சிலைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன் என்றால் 2தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓல்ட்மேன் ஒல்லியான ஆள், முகத்தில் சர்ச்சிலின் சாயல் துளியும் கிடையாது. சினிமா ஒப்பனையே வேண்டாம் என்று சிற்பம் செய்யப் போய்விட்ட கசுஹிரோ சுஜியை இதற்காகக் கெஞ்சிக் கூட்டிவந்தார், 2018இல் இரண்டு பேருமே ஆஸ்கர் வாங்கினார்கள். ஓல்ட்மேன் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, பாதி வாக்கியத்தை வாயிலேயே மென்றுவிட்டு, மீதியை எதிரில் இருப்பவர் மேல் துப்புகிற மாதிரி பேசும்போது அந்த ரப்பர் கன்னமெல்லாம் மறந்தே போகிறது. நிலவறையில் இருக்கும் போர் அறையும் மங்கலான விளக்கும் சுருட்டுப் புகையும் நம்மை அங்கேயே கொண்டுபோய் உட்கார வைக்கின்றன. சிக்கலே இதில்தான் ஆரம்பிக்கிறது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இவ்வளவு சரியாக இருந்தால் நடந்தது என்று காட்டுவதையும் மனசு கேள்வி கேட்காமல் நம்பிவிடும்.

சின்னப் பிழைகளை நான் கண்டுகொள்ளப் போவதில்லை. செயலாளர் எலிசபெத் லேட்டன் 1941இல்தான் சர்ச்சிலிடம் வேலைக்குச் சேர்ந்தார், படத்தில் 1940 மே மாதமே வந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். இரண்டு விரல் வெற்றிச் சின்னமும் 1941 சமாச்சாரம்தான். ராஜா ராத்திரியில் தனியாக வந்து கட்டிலில் உட்கார்ந்து தைரியம் சொல்வதெல்லாம் எழுதியவரின் கற்பனை. சரி, இரண்டு மணி நேரத்துக்குள் கதை சொல்ல வேண்டுமே, போகட்டும். இந்த வகைப் படங்களில் இதைவிடப் பெரிய துணிச்சலெல்லாம் உண்டு. 2011இல் வந்த தாட்சர் படத்தில் அவருடைய நெருங்கிய சகாவான எம்.பி. ஏரி நீவ் குண்டு வெடித்துச் சாகும்போது தாட்சர் அதே கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருப்பார், உண்மையில் அவர் அந்தப் பக்கமே இல்லை.

ஆனால் சுரங்க ரயில் காட்சியை விட முடியாது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹிட்லரோடு சமாதானம் பேசுவதா வேண்டாமா என்று தெரியாமல் தவிக்கும் சர்ச்சில் திடீரென்று காரிலிருந்து இறங்கி, பாதாள ரயிலில் ஏறுகிறார். செயின்ட் ஜேம்ஸ் பார்க்கிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை, ஒரே ஒரு ஸ்டேஷன். நிஜத்தில் இரண்டு நிமிஷம்கூட ஆகாது, படத்தில் அந்த ரயில் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. பெட்டியில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் பேர் கேட்கிறார், நெருப்புப் பெட்டி வாங்கிச் சுருட்டைப் பற்றவைக்கிறார், சமாதானம் பேசலாமா என்று கேட்கிறார். எல்லாரும் ஒரே குரலில் "கூடாது" என்கிறார்கள். ஒரு குழந்தையும் சொல்கிறது. அவர் மெக்காலேயின் கவிதையைச் சொல்ல (ஆமாம், நம் கல்வித் திட்டத்துக்குக் குறிப்பு எழுதிய அதே மெக்காலேதான்), பக்கத்தில் நிற்கும் கறுப்பின இளைஞர் மீதி வரியை முடிக்கிறார். சர்ச்சில் கண் கலங்குகிறார், முதல் தடவை பார்த்தபோது நானும்தான்.

இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. நடக்காததைக் காட்டியது பெரிய குற்றம் என்று சொல்ல வரவில்லை, படத்தின் மையமான முடிவை யார் எடுத்தார்கள் என்பதையே அந்தக் காட்சி மாற்றிவிடுகிறது, அதுதான் உறுத்துகிறது. பேரரசுதான் பெரிது என்று வாழ்ந்த ஒரு பிரபு வம்சத்து ஆள், சாமானிய மக்கள் சொன்னதைக் கேட்டு நடந்த தலைவராகிவிடுகிறார். அந்தக் கறுப்பின இளைஞர் அங்கே நிற்பதும் 1940இன் சர்ச்சிலுக்கு 2017இல் ஒரு நற்சான்றிதழ் எழுதிக்கொடுக்கத்தான்.

நிஜக் கதையோ இதைவிட விறுவிறுப்பானது. மே 26 முதல் 28 வரை மூன்று நாளில் போர் அமைச்சரவை ஒன்பது தடவை கூடியது. உள்ளே இருந்தது ஐந்தே பேர்: சர்ச்சில், அவருக்கு முந்தைய பிரதமர் சேம்பர்லின், வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், தொழிற்கட்சியின் அட்லீ, கிரீன்வுட். இத்தாலியின் முசோலினி வழியாக ஹிட்லரிடமிருந்து என்ன நிபந்தனை கிடைக்கும் என்று கேட்டாவது பார்க்கலாம் என்பது ஹாலிஃபாக்ஸின் வாதம். படம் அவரைச் சதிகாரர் மாதிரி காட்டுகிறது, ஆனால் பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட படையில் எத்தனை பேர் பிழைத்து வருவார்கள் என்று அந்த மூன்று நாளில் யாருக்குமே தெரியாது. கடைசியில் 3,38,000 பேருக்கு மேல் தப்பி வந்தார்கள் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

27ஆம் தேதி ஹாலிஃபாக்ஸ் ராஜினாமா செய்வேன் என்கிற அளவுக்குப் போய்விட்டார். சர்ச்சில் அவரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்டு, அன்பாகப் பேசிச் சமாதானப்படுத்தினார். அவர் வெளியேறியிருந்தால் அரசே கவிழ்ந்திருக்கும். வாய்ச்சவடாலுக்குப் பேர்போன ஆள், ஒரு ஓட்டுக்காகச் செடிகொடிகளுக்கு நடுவே பணிந்து நடந்துகொண்டிருக்கிற அந்தக் காட்சியை எடுக்காமல் விட எப்படி மனசு வந்ததோ! சேம்பர்லினும் மெல்ல மெல்லச் சர்ச்சில் பக்கம் சாய்ந்தார், படமோ அவரைக் கடைசி வரை எதிரணியில் வைத்து, அப்புறம் ஒரு கைக்குட்டையை வைத்து மனம் மாற்றுகிறது. அட்லீயும் கிரீன்வுட்டும் அந்த அறையில் சர்ச்சிலுக்கு முட்டுக்கொடுத்தவர்கள், படத்தில் ஏறக்குறைய நாற்காலி நிரப்ப வந்தவர்கள். 28ஆம் தேதி மாலை சர்ச்சில் மற்ற அமைச்சர்களைக் கூட்டிப் பேசினார், அவர்கள் எழுந்து வந்து முதுகில் தட்டினார்கள் என்று சர்ச்சிலே தன் போர் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆக, அவரைத் தூக்கி நிறுத்தியது ரயில் பெட்டி கிடையாது, கட்சி அரசியல்தான்.

இன்னொன்று, இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இப்போதே பொறி தட்டியிருக்கும். இந்த ஹாலிஃபாக்ஸ் யார் தெரியுமா? காந்தி இர்வின் ஒப்பந்தத்தில் வருகிற அதே இர்வின். 1926 முதல் 1931 வரை வைஸ்ராயாக இருந்தவர். காந்தியை அழைத்து அவர் பேச்சுவார்த்தை நடத்தியதைப் பொறுக்க முடியாமல்தான் சர்ச்சில் அரை நிர்வாணப் பக்கிரி என்று வசை பாடினார். கட்சித் தலைமையோடு முறித்துக்கொண்டு 1930களின் பெரும்பகுதியை அதிகாரத்துக்கு வெளியே கழித்ததற்கும் இந்தியாவுக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்ற பிடிவாதம் ஒரு பெரிய காரணம். எதிரியோடு உட்கார்ந்து பேசலாம் என்பவருக்கும் பேசவே கூடாது என்பவருக்கும் நடந்த சண்டையின் இரண்டாம் சுற்றுதான் 1940 மே. முதல் சுற்றில் பேசலாம் என்றவர் பக்கம் நியாயம் இருந்தது, இரண்டாம் சுற்றில் பேசக் கூடாது என்றவர் பக்கம். இரண்டு சுற்றிலும் சர்ச்சிலின் பிடிவாதம் ஒன்றேதான். இதைவிட நல்ல கதை எந்தத் திரைக்கதை ஆசிரியருக்குக் கிடைக்கும்? படத்திலோ இந்தியா ஒரு பட்டியலில் ஒற்றைச் சொல்லாக வந்து போவதோடு சரி.

வங்காளப் பஞ்சம் 1943இல் வந்தது, 1940இல் முடிகிற படம் அதைக் காட்டவில்லை என்று கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஏறக்குறைய 30 லட்சம் பேர் செத்த அந்தப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், காந்தி ஏன் இன்னும் சாகவில்லை என்று கேட்டுச் சர்ச்சில் தந்தி அடித்ததாக வைஸ்ராய் வேவல் தன் டைரியில் எழுதியிருக்கிறார். ரயிலில் கண் கலங்குகிற அந்த ஆளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது.

சரி, கடைசிக் காட்சிக்கு வருகிறேன். கடற்கரைகளில் போரிடுவோம் என்ற பேச்சு முடிகிறது, சபை ஆர்ப்பரிக்கிறது, இப்போது என்ன நடந்தது என்று ஒருவர் கேட்க, ஆங்கில மொழியைத் திரட்டிப் போருக்கு அனுப்பிவிட்டார் என்கிறார் ஹாலிஃபாக்ஸ். அழகான வசனம்தான், சொன்னது மட்டும் அவர் இல்லை. அமெரிக்க ஒலிபரப்பாளர் எட்வர்ட் மரோ 1954இல் சொன்னது, 1963இல் கென்னடியும் எடுத்துச் சொன்னார். ஹாலிஃபாக்ஸ் நிஜமாகவே 1940 மே 27ஆம் தேதி டைரியில் எழுதிவைத்தது வேறு: வின்ஸ்டன் படு அபத்தமாகப் பேசினார் என்று.