ஆயிரம் அடித் தண்ணீருக்கு ஒரு பரிசோதனை: சேலத்து நீர் ஆய்வுச் சேவை பற்றிய மதிப்பீடு

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் நிலத்தில் தாத்தா வெட்டிய 45 அடிக் கிணறு, அப்பா போட்ட 450 அடி ஆழ்துளைக் கிணறு, பத்து ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட 1,050 அடி ஆழ்துளைக் கிணறு என மூன்று நீராதாரங்கள் உள்ளன. கடைசியாகச் சொன்னதன் தண்ணீர் குடிக்க இனிப்பாக இருக்கும். சோப்பு நன்றாக நுரைக்கும். பருப்பு சீக்கிரம் வேகும். தாத்தாவின் கிணற்று நீரோ சவர்ப்பாக இருக்கும், காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும். ஆகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வராத நாள்களில் வீட்டில் எல்லோரும் ஆயிரம் அடித் தண்ணீரையே விரும்பிக் குடித்துவந்தோம். எங்களோடு வளரும், ஒன்பது வயதான அக்கா மகனின் முன்பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்த்த பல் மருத்துவர், முதலில் தண்ணீரைப் பரிசோதிக்கும்படி சொன்னார். அதன் தொடர்ச்சியாக நான் பயன்படுத்திய சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு.

முதலில் ஒரு சாதாரணப் பரிசோதனைக் கூடத்தில் மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு எண்கள் வந்தன. 'குடிக்க உகந்ததல்ல' என்ற முத்திரையும் இருந்தது. ஏன், என்ன செய்வது என்று கேட்டதற்குச் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் ஒருவரின் அட்டையை நீட்டினார்கள். பின்னர் நண்பர் ஒருவர் வழியாகச் சேலத்தில் சிறிய ஆய்வகம் நடத்தும், பல்கலைக்கழகத்தில் கடினப்பாறை நிலத்தடி நீரை ஆராய்ந்து ஓய்வுபெற்ற ஒரு புவிவேதியியலாளரின் சேவை கிடைத்தது. ஒரு மாதிரிக்கு 3,500 ரூபாய். நேரில் வந்து எடுப்பதற்கான பயணச் செலவும், நீரின் வயதைக் கணிக்க உதவும் டிரிட்டியம் சோதனையும் தனி. முதல் கூடம் வாங்கிய 800 ரூபாயோடு ஒப்பிட்டால் அதிகம்தான்.

வந்த அன்றே வேறுபாடு தெரிந்தது. அவர் தண்ணீரைத் தொடுவதற்கு முன், ரிக் வண்டிக்காரர் போர் போட்டபோது எத்தனை அடியில் கேசிங் பைப் நின்றது, எத்தனை அடியில் தண்ணீர் பட்டது என்று கேட்டார். நல்ல வேளையாக அப்பா பழைய டைரியில் குறித்து வைத்திருந்தார்: 62 அடி வரை கேசிங், 310இல் சிறு கசிவு, 890இல் நல்ல ஊற்று. எங்கள் பகுதியில் கிரானைட்டும் நைஸும் சார்னோக்கைட்டும் கொண்ட படிகப் பாறையின் உடம்பில் நீர் தங்குவதற்கு இடமே கிடையாது. மேலே சிதைந்த அடுக்கிலும், கீழே ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே தண்ணீர் இருக்கும். கேசிங்குக்குக் கீழே கிணறு திறந்தே கிடப்பதால் வெவ்வேறு வெடிப்புகளின் நீர் ஒன்றாகக் கலந்துதான் குழாயில் வருகிறது என்றும், எது எவ்வளவு என்று தெரியாமல் ஆழத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்றும் அவர் விளக்கினார்.

மோட்டாரை ஓடவிட்டு, மின்கடத்துதிறன் ஒரே அளவில் நிற்கும் வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அமில-கார அளவு, வெப்பநிலை, காரத்தன்மை ஆகியவற்றை வரப்பிலேயே அளந்தார். பாட்டிலில் அடைத்து மறுநாள் அளந்தால் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி எண்ணே மாறிவிடும் என்றபோது, முதல் அறிக்கையில் நான் நம்பிய ஒரு எண் அங்கேயே உதிர்ந்தது. ஒரு பாட்டில் நீரை நுண்வடிகட்டியில் வடித்து இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் சேர்த்தார். மற்றொன்றைச் சேர்க்காமல் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பினார். முதல் கூடம் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளக்கவே இல்லை. அவை இல்லாமல் நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க முடியாது; அந்தச் சரிபார்ப்பு இல்லாத அறிக்கையில் தவறு இருந்தாலும் வெளியே தெரியாது. இவருடைய அறிக்கையில் மூன்று மாதிரிகளுக்கும் அந்த வேறுபாடு 5 சதவீதத்துக்குள் இருந்தது, அது முதல் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. இந்தச் சேவைக்கு நான் கொடுத்த பணத்தில் பாதி இந்த ஒரு வரிக்கே தகும் என்று நினைக்கிறேன்.

முடிவுகள் எங்கள் நாக்கைப் பொய்யாக்கின. தாத்தாவின் கிணற்றில் கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம், புளோரைடு 0.7. இனிப்பாக இருந்த ஆயிரம் அடித் தண்ணீரில் கடினத்தன்மை 90தான். ஆனால் வளரும் பற்களில் கறை விழச்செய்யும் புளோரைடு 3.1. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் புளோரைடு 1.0க்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம். இரண்டு எண்களும் தற்செயலானவை அல்ல என்பதை அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடு மெதுவாகக் கரைகிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் புளோரைடு அதோடு சேர்ந்து கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடுவதால் அளவு ஓரளவுக்கு மேல் ஏற முடிவதில்லை. ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு கிடக்கும் நீரிலோ கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்தும் களிமண்ணிலுள்ள சோடியத்தோடு இடம் மாறியும் குறைந்துபோகிறது. நீர் சோடியம்-பைகார்பனேட் வகையாகிறது. புளோரைடுக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. சோப்பு நுரைத்ததற்கும் பருப்பு வெந்ததற்கும் பல்லில் கோடு விழுந்ததற்கும் காரணம் ஒன்றே. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடாதா என்று அம்மா கேட்டார். காய்ச்சினால் நீர் ஆவியாகுமே தவிரப் புளோரைடு போகாது, இன்னும் செறியும் என்றார்.

அதற்காகக் கிணற்று நீர் நல்லது என்றும் ஆகிவிடவில்லை. அதில் நைட்ரேட் 78, வரம்பு 45. மாட்டுத் தொழுவமும் உர மூட்டை வைக்கும் கொட்டகையும் கிணற்றுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதை அவர் வந்தவுடனேயே பார்த்திருந்தார்.

"இன்னும் முந்நூறு அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா, சார்?" என்று நான் கேட்டேன். ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்விதான். அதற்கு அவர் இரண்டு பதில்கள் சொன்னார். ஒன்று எங்கள் நிலத்தைப் பற்றியது: கிணற்று நீரில் டிரிட்டியம் இருந்தது, ஆயிரம் அடி நீரில் அளக்கும்படியாக இல்லை. 12.3 ஆண்டு அரைவாழ்வு கொண்ட இந்தக் கதிரியக்க ஹைட்ரஜன் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளால் மழைநீரில் பெருகியது. அது இல்லை என்றால் அந்த நீர் பெரும்பாலும் அதற்கு முந்தைய மழை. சென்ற ஆண்டு பெய்தது அங்கே இன்னும் போய்ச்சேரவில்லை. இரண்டாவது, கனடாவைப் பற்றியது. ஒன்டாரியோ மாகாணத்தில் டிம்மின்ஸ் அருகிலுள்ள கிட் கிரீக் சுரங்கத்தில் சுமார் 2.4 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடிப்பிலிருந்து கசியும் நீரின் மந்த வாயுக்களை அளந்து, அது 100 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே அடைபட்டிருக்கிறது என்று டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பார்பரா ஷெர்வுட் லொல்லாரும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்டார்கள். கண்டத்தின் மிகப் பழைய அடித்தளமான அந்தக் கேடயப் பாறைகளின் ஆழ்நீரில் சில, கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பானவை. ஆழம் கூடக் கூடப் பாறையின் குணம்தான் நீரில் ஏறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை. மூன்றாவது போருக்குப் பேசி வைத்திருந்த ரிக் வண்டியை அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாசனத்துக்கும் ஆலோசனை கிடைத்தது. ஆயிரம் அடி நீரில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விட மிஞ்சி நின்று மண்ணை இறுகச் செய்யும் கார்பனேட்டின் அளவு) 6.4, 2.5ஐத் தாண்டினாலே பாசனத்துக்கு ஆகாது என்பது வேளாண் கணக்கு. தக்காளிப் பாத்தி ஏன் சில ஆண்டுகளாக இறுகிக் கிடக்கிறது என்பதற்கு அப்போதுதான் விடை தெரிந்தது. ஜிப்சம் இடவும், கால்சியம் மிகுந்த கிணற்று நீரோடு கலந்து பாய்ச்சவும் சொன்னார். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் நீரைச் சேமித்து வைக்கவும், முடியாத நாள்களுக்கு மட்டும் சிறிய ஆர்.ஓ. இயந்திரம் போதும் என்றும் பரிந்துரைத்தார். எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. 14 பக்க அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. வைர வடிவ வரைபடம் ஒன்று, அவர் தொலைபேசியில் அரை மணி நேரம் விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. எங்களைப் போன்ற விவசாயிகளை நம்பி நடக்கும் சேவையில் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கூட இல்லாதது ஏற்க முடியாதது. டிரிட்டியம் முடிவு வர மூன்று மாதம் ஆயிற்று, முன்கூட்டி ஆறு வாரம் என்று சொல்லியிருந்தார்கள். கிரானைட் நிலத்தில் யுரேனியத்தையும் பார்க்க வேண்டும் என்பதை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்தான் எழுதியிருந்தார். தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அதே மாதிரியில் முடித்திருக்கலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் கிணற்று மட்டம் ஏறிய பிறகு மூன்றையும் மீண்டும் அளக்க வேண்டும் என்றிருக்கிறார். அப்போது யுரேனியத்தையும் சேர்த்து, கட்டணத்தில் பாதிக்குச் செய்துதருவதாக எழுதி வாங்கியிருக்கிறேன். அனுப்ப நினைப்பவர்கள், போர் போட்டபோது எத்தனை அடியில் தண்ணீர் பட்டது என்பதை ரிக் வண்டிக்காரரிடமிருந்தாவது கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு அழையுங்கள்.