"ஃபேமிலி யூஸுக்கு"ன்னு வந்து கார் வாங்குற புரோக்கர், உஷாரா இருங்க

திருச்சி, கரூர் பக்கம் பழைய கார் விக்கிறவங்க, வாங்குறவங்க ரெண்டு பேரும் இதைப் படிச்சிருங்க. என்னோடது 2012 ஹூண்டாய் ஐ10 கார், 1.1 இன்ஜின், ஒரே ஓனர், 86 ஆயிரம் கிலோமீட்டர் ஓடினது. சர்வீஸ் எல்லாம் கம்பெனிலயே பண்ணி பில்லு ஒண்ணு விடாம ஃபைல் போட்டு வச்சிருந்தேன், டைமிங் பெல்ட் மாத்துனது உட்பட. டீலர்கிட்ட போனா அடிமாட்டு விலைக்கு கேப்பாங்கன்னு நேரடியா விளம்பரம் போட்டேன்.

வந்தவரு பொண்டாட்டி, சின்னப் பையனோட வந்தாரு, "ஃபேமிலி யூஸுக்குத்தான் சார், பையனை ஸ்கூல்ல விடணும்"னாரு. கூடவே ஒரு மெக்கானிக். அந்தாளு இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்துட்டு "பேக் கம்ப்ரஷன் அடிக்குதே, இன்ஜின் வேலை இருக்கு"ன்னான். ஓடுற இன்ஜின்ல மூடியைத் திறந்தா லேசா காத்தும் புகையும் நல்ல வண்டிலயும் வரும், தெரியாதவங்க இதுக்கே பயந்து பத்து இருபதாயிரம் குறைச்சிருவாங்க. அப்புறம் "டைமிங் செயின் சத்தம் கேக்குது"ன்னான் பாருங்க, யோவ் 1.1ல ஏதுய்யா செயினு, இதுல பெல்ட்டுதான்னேன், கம்முனு பானட்டை மூடிட்டான்.

காசு அக்கவுண்ட்ல ஏறுன பிறகுதான் சாவி கொடுத்தேன். ஃபாஸ்டேக் க்ளோஸ் பண்ணியாச்சு, அவர் பேரு போட்டு, ஆர்சில பேர் மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30ல கையெழுத்து, டேட் டைம் போட்ட டெலிவரி நோட், ஆதார் காப்பி, ஆர்டிஓல ஃபார்ம் 29 கொடுத்து அக்னாலட்ஜ்மென்ட்டும் வாங்கியாச்சு. ஒரே மாசத்துல பேர் மாத்திருவேன்னு சொன்ன மனுசன் அதுக்கப்புறம் போனே எடுக்கல.

கொஞ்ச மாசம் கழிச்சு கரூர்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு, அந்த வண்டியை வாங்குறதுக்கு அட்வான்ஸ் கொடுத்தவராம், ஆர்சில இருந்த என் பேரை வச்சு விசாரிச்சு நம்பர் கண்டுபிடிச்சிருக்காரு. "அண்ணே, உங்க வண்டி 41 ஆயிரம்தான் ஓடியிருக்காமே, நெசமாண்ணே?"ங்கிறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சர்வீஸ் ஃபைல் எங்கன்னு இவர் கேட்டதுக்கு "ஓனர் தொலைச்சிட்டாரு"ன்னு என்கிட்ட வாங்குன அந்த புரோக்கர் பதில் சொல்லிருக்கான். நான் பாத்துப் பாத்து சேத்த ஃபைலை, மீட்டரைத் திருப்புறதுக்கு இடைஞ்சல்னு கடாசிட்டான்! நல்லா வச்சிருக்க வண்டியாத் தேடிப்பிடிச்சு வாங்குறதே இதுக்குத்தான், உள்ள வெளிய பளிச்சுனு இருந்தா 41ன்னு சொன்னாலும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. என் போன்ல இருந்த பில் போட்டோவை எல்லாம் அவருக்கு அனுப்பிட்டேன், அவரு வண்டியே வேணாம்னுட்டாரு, ஆனா கொடுத்த அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரலயாம்.

அடுத்து அந்த "ஃபேமிலி" ஆளே கூப்பிட்டாரு. பழைய ஃபார்ம் தொலைஞ்சிருச்சாம், புது செட்ல கையெழுத்து மட்டும் போட்டு குடுங்க, வாங்குறவர் பேரை நாங்க எழுதிக்கிறோம்னாரு. முதல்ல உன் பேருக்கு மாத்துய்யான்னா மாட்டேங்கிறாரு, ஏன்னா அவர் பேருக்கு மாறுனா செகண்ட் ஓனர் ஆயிரும், விலை இறங்கிரும். சிங்கிள் ஓனர்னு விக்கிறதுக்கு என் பேரு ஆர்சில அப்படியே இருக்கணும்.

இதுக்கு நடுவுல சீட் பெல்ட் போடலைன்னு 1000 ரூபா இ-சலான் என் மொபைலுக்கு வருது. சலான் போனாப் போகுது, ஆக்சிடெண்ட் ஆனா என்ன கதி? கை மாத்தி கை மாத்தி வித்த வண்டியா இருந்தாலும் ஆர்சில பேரு இருக்கவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. டெலிவரி நோட்டை மட்டும் நம்பி நிம்மதியா இருக்காதீங்க. பேர் மாத்துற வேலையை நீங்களே ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க, இல்ல வாங்குறவரைக் கையோட ஆர்டிஓக்கு கூட்டிட்டுப் போங்க, மாறுற வரைக்கும் ஒரு தொகையைப் பிடிச்சு வைக்கிறதுக்கு ஒத்துக்கிறவருக்கே கொடுங்க.

ஸ்டேஷன்ல புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கிட்டேன், ஆர்டிஓலயும் எழுதிக் கொடுத்திருக்கேன், வண்டி இன்னும் என் பேர்லதான் இருக்கு. வெள்ளை ஐ10, 2012, 41 ஆயிரம், ஒரே ஓனர்னு யாராவது காட்டுனா கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பரைச் சொல்லி கடைசி சர்வீஸ்ல எத்தனை கிலோமீட்டர்னு கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.