7.5-ஆ, 10-ஆ: முள்ளோடைக்கு இருபுறமும்

கடலூர் பஸ் முள்ளோடை சோதனைச்சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இட ஒதுக்கீடு கேட்டு இரு பக்கமும் போராட்டம்தான். போன வழி வேறு.

கடலூர்ப் பிள்ளைக்குக் கைகொடுத்தது தமிழகச் சட்டமன்றம். நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5-க்கு இறங்கியது. 2020 செப்டம்பரில் மசோதா நிறைவேறியும் ஆளுநர் ஒப்புதல் வரவில்லை. அக்டோபர் 29-ல் அரசாணையே போட்டுவிட்டார்கள். மறுநாளே கையெழுத்து வந்தது! அந்த ஆண்டே இடம் கிடைத்தது. 2022-ல் உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. சதவீதம் குறைவு, சரி. ஆனாலும் என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

புதுச்சேரி அமைச்சரவையும் 2020-லேயே 10 சதவீதம் என்று முடிவெடுத்தது. யூனியன் பிரதேசம் என்பதால் கோப்பு டெல்லிக்குப் போனது. 2023-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?