கிண்டியா, மணமையா?

சென்னைப் பக்கம் எம்பிஏ படிக்க நினைப்பவர்கள் அடிக்கடி குழம்புவது இந்த இரண்டுக்கு நடுவில்தான்: கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகமா, மாமல்லபுரம் பக்கம் மணமையில் இருக்கும் கிரேட் லேக்ஸ் என்ற தனியார் மேலாண்மைக் கல்லூரியா?

சேர்க்கை: கிண்டிக்கு டான்செட் (தமிழ்நாட்டின் பொது நுழைவுத் தேர்வு). மணமைக்கு கேட் (CAT) போன்ற மேலாண்மை நுழைவுத் தேர்வு, அப்புறம் நேர்காணல்.

காலம்: கிண்டியில் 2 ஆண்டு. மணமையில் 1 ஆண்டுப் படிப்பும் உண்டு; அதற்கு வேலை அனுபவம் வேண்டும்.

செலவு: இங்கேதான் பெரிய இடைவெளி. கிண்டிக் கட்டணம் அப்பாவின் சேமிப்பிலேயே அடங்கும். மணமைக்குப் பெரும்பாலும் வங்கிக் கடன்தான். ஆனால் மணமையின் 1 ஆண்டுப் படிப்போடு ஒப்பிட்டால், கிண்டியில் இரண்டாவது வருடமும் படிப்பதால் இழக்கும் சம்பளத்தையும் கணக்கில் சேருங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இருப்பிடம்: கிண்டியில் வீட்டுச் சாப்பாடு, மின்சார ரயில். மணமையில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரம் விடுதி.

கல்லூரி முடித்த கையோடு என்றால் கிண்டி. நாலைந்து வருடம் வேலை பார்த்து, துறை மாற நினைத்தால் மணமை.